கையெழுத்திடுமுன்

மருமகளுக்கு மாமா எழுதுவது.

நீ அனுப்பிய மனுவின் நகல் வந்து சேர்ந்தது. உங்கள் தரும ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பொறுப்பை, அங்கே நெடுங்காலமாக நர்ஸிங் சூப்பரிண்டெண்டாக இருந்துவரும் அம்மையாரிடம் ஒப்படைக்க டிரஸ்டிகள் உத்தேசித்திருப்பதையும், அதை ஆட்சேபித்து டாக்டர்கள் ஒன்றுகூடி இந்த மனுவைத் தயாரித்திருப்பதையும், முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவதையும், மனு பலித்தால் அந்த ஸ்தானம் உனக்கே வரக்கூடும் என்பதையும் எழுதிவிட்டு, கடைசியில் என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். கையெழுத்திடுவதும் இடாததும் பூரணமாக உன் இஷ்டம். அதில் நான் கட்டளை இடப்போவதில்லை. ஆயினும், கேட்டுவிட்டாய் என்பதனாலும், மனத்தில் இருப்பதை மறைத்து உபசார வார்த்தை எழுதுவது நம் வீட்டு வழக்கம் அன்று என்பதனாலும் எழுதுகிறேன்.

மனுவில் மற்றவை எல்லாம் எனக்கு விளங்குகின்றன. டாக்டர் அல்லாத ஒருவரின் கீழ்ப் பணியாற்றுவது எங்கள் கௌரவத்துக்கு இழுக்கு என்கிற அந்த மூன்றாவது பாராதான் என்னை வருத்துகிறது. அதை எழுதியது நீ அல்ல என்று எனக்குத் தெரியும். உன் நடை அது அன்று. ஆனால் உன் பெயர் அதன் கீழே நிற்கப்போகிறது. அந்தக் காகிதம் என்றேனும் ஒருநாள் உன் அம்மாவின் கண்ணில் படும். அவளிடம் நான் இன்னும் இதைப் பிரஸ்தாபிக்கவில்லை.

உன் தரப்பு நியாயங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. நோயாளிக்கு ஒரு கெடுதி நேர்ந்தால் கோர்ட்டில் போய் நிற்பவர் டாக்டர்தானே, பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் மற்றொருவரிடமும் இருப்பது எவ்வாறு தகும் என்று கேட்கிறாய், கேட்கவேண்டிய கேள்விதான். அமாண்டா குட்ஆல் என்ற அம்மையார் 2011இல் அமெரிக்காவின் தலைசிறந்த ஆஸ்பத்திரிகளை ஒப்புநோக்கி, டாக்டர்கள் தலைமை வகிக்கும் இடங்களில் தர மதிப்பெண் சுமார் 25 சதவிகிதம் உயர்ந்திருக்கக் கண்டார் என்றும் காட்டியிருக்கிறாய். அந்த உயர்வுக்கு டாக்டரின் தலைமையே காரணம் என்று இதிலிருந்து நிரூபணம் ஆகிவிடாது என அந்த அம்மையாரே சொல்லியிருக்கிறார். அன்றியும், அவர் டாக்டர்களை ஒப்பிட்டது நிர்வாகத்தையே தொழிலாகக் கொண்ட மானேஜர்களோடு. வார்டிலேயே தலை நரைத்த நர்ஸுகளோடு அன்று.

டாக்டர் தலைமைக்கு உத்தம உதாரணம் என்று உங்கள் மனு மேயோ கிளினிக்கைக் காட்டுகிறது. அந்த மேயோ சகோதரர்கள் கத்தி பிடித்த இடம் எது என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா? மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரை 1883இல் சூறாவளி பாழாக்கிய பிற்பாடு, பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள் அரும்பாடுபட்டுப் பணம் சேர்த்து 1889இல் திறந்த செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரி அது. அதன் சூப்பரிண்டெண்டாக 1892 முதல் 1939இல் தாம் காலமாகும்வரை இருந்தவர், சிஸ்டர் மேரி ஜோசப் என்னும் நர்ஸ். வில்லியம் மேயோவின் ஆபரேஷன் மேஜையில் பல வருஷங்கள் முதல் உதவியாளராக நின்றவரும் அவரே. ஆபரேஷனுக்காக நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்கையில், தொப்புளில் கெட்டியான முடிச்சு ஒன்று தட்டுப்பட்டால் உள்ளே புற்றுநோய் பரவியிருக்கிறது என்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர்; 1949இல் ஹாமில்டன் பெய்லி தம் நூலில் அந்த அடையாளத்துக்கு அவர் பெயரையே வைக்க, இன்றளவும் நீங்கள் அதைப் பரீட்சையில் எழுதித் தேறுகிறீர்கள். ஒரு நர்ஸ் நிர்வகித்த கட்டடத்தில் ஆபரேஷன் செய்ததனால் மேயோ சகோதரர்களின் கௌரவம் அணுவளவும் குறைந்ததாக எவரும் எழுதக் காணோம்.

இனி நம் வீட்டுச் சங்கதி. உன் அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட மெமோவின் விஷயத்தை நீ அறிவாய். நம் வீட்டில் அதை உரக்கப் பேசுவதில்லை ஆதலால் பாதிதான் அறிவாய். அப்போது அவள் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு ஹெட் நர்ஸ். நான் அங்கேயே மருந்து ஸ்டோரில் இருந்தேன். வார்டிலிருந்த ஒரே சக்ஷன் மெஷின் பழுதாகிவிட, அவள் எழுதி அனுப்பிய இண்டென்ட், ஆர்.எம்.ஓ.வின் மேஜைக்கும் சூப்பரிண்டெண்டின் மேஜைக்கும் இடையே மாதக்கணக்கில் கிடந்தது. வேண்டியிருந்ததோ மோட்டாருக்கு ஒரு சில்லறைச் சாமானும் கொஞ்சம் ரப்பர் குழாயும்தான். ஓர் இரவு, சளி அடைத்து நீலம் பாரித்துப்போன கைக்குழந்தை ஒன்றுக்கு, குழாயின் நுனியைத் தன் வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சியே விடியும்வரை அதன் மூச்சைக் காப்பாற்றினாள். குழந்தை பிழைத்தது. காலையில் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், கடைத்தெருவிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து, சொந்தப் பணத்தைக் கொடுத்து மெஷினைச் சரிசெய்து வைத்தாள். அதற்குத்தான் மெமோ: அனுமதியின்றி அரசாங்கச் சாமானை வெளியாளிடம் கொடுத்தது, அதிகார வரம்பை மீறியது. அவளுடைய இன்கிரிமெண்ட் தள்ளிப்போயிற்று. அந்த சூப்பரிண்டெண்ட் கெட்டவர் அல்லர். கைராசிக்காரர், ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் தமக்குக் கீழ் உள்ள ஒருத்தி, தம் கையெழுத்து இல்லாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டாள் என்பதை அவரால் சகிக்க முடியவில்லை. அந்த வருஷந்தான் நீ பிளஸ் டூ படித்தாய். உன் கோச்சிங்குக்காக அவள் ஜி.பி.எப்.பில் கடன் போட்டதும் அந்த வருஷந்தான்.

அன்று என் மனத்தில் ஊன்றிய எண்ணம் இன்றுவரை அசையவில்லை. ஆஸ்பத்திரித் தலைமையைப் பற்றிய சச்சரவு எந்த ஊரில் நடந்தாலும், அது மேல்பார்வைக்கு வைத்திய ஞானத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், வாஸ்தவத்தில் யாருடைய கையெழுத்தால் ஒரு சாமான் ஸ்டோரைவிட்டு நகரும், யாருடைய கையெழுத்தால் ஓர் ஆளுக்கு லீவு கிடைக்கும் என்பதைப் பற்றிய சச்சரவே ஆகும். வியாதியை நிர்ணயிப்பதும் சிகிச்சையைத் தீர்மானிப்பதும் உங்கள் அதிகாரம். அதில் எவரும் பிரவேசிக்கலாகாது. ஆனால் ராத்திரி டியூட்டிக்கு ஆள் போதுமா, ஆக்ஸிஜன் இருப்பு எவ்வளவு, லிப்ட் ஓடுகிறதா, சலவைக்குப் போன துணி திரும்பிற்றா என்பவற்றில் எம்.டி. பட்டம் விசேஷ ஞானம் எதையும் தருவதில்லை. நாள் முழுதும், இரவு முழுதும் வார்டில் இருப்பவர்களுக்கே அது தெரியும். வைத்திய ஞானம் மட்டும் போதாது என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு: கிரிமிய யுத்தகாலத்தில், 1855 மார்ச்சில் ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்த சுகாதாரக் கமிஷனில் சதர்லண்ட் என்ற டாக்டரோடு ராலின்சன் என்ற என்ஜினியரும் இருந்தார். சாக்கடையைக் கழுவிக் காற்றோட்டத்துக்கு வழிசெய்த பிறகு அங்கே மரணம் மளமளவென்று குறைந்தது.

டாக்டரே தலைவர் என்பது நம் நாட்டில் அநாதியான தருமமும் அன்று. ராணுவ சேவையாகப் பிறந்த இண்டியன் மெடிகல் சர்வீஸின் அதிகாரிகள் சிவில் சர்ஜன்களாக ஜில்லாக்களுக்கு வந்து, பட்டாளத்து முறைப்படி ஆஸ்பத்திரிகளுக்கும் அதிபதிகளாக அமர்ந்தார்கள். 1946இல் வெளியான சர் ஜோசப் போர் கமிட்டியின் அறிக்கைப்படி, அக்காலத்தில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார்; நர்ஸோ 43,000 பேருக்கு ஒருவர். அப்படி அரிதாக இருந்தவர்கள் நாற்காலி கேட்கும் நிலையில் இல்லை. இன்று நர்ஸிங்கில் எம்.எஸ்ஸி.யும் முனைவர் பட்டமும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2023இல் அவர்களுக்கெனத் தேசிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. அவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்.

இந்தப் பகை முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நைஜீரியாவைப் பார். அங்கே போதனா ஆஸ்பத்திரிகளின் தலைவர் டாக்டராகவே இருக்கவேண்டும் என்று 1985இல் ஒரு சட்டம் செய்தார்கள். நாளடைவில் டாக்டர்களின் சங்கம் ஒரு புறமும், நர்ஸுகள், மருந்தாளுநர்கள், லாப் ஊழியர்கள் முதலியோரின் கூட்டுச் சங்கம் மறுபுறமுமாக நின்று, தலைமைக்கும் சம்பள விகிதத்துக்கும் பட்டப்பெயருக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள். கன்சல்டண்ட் என்னும் பெயரை மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து, 2014 ஜூலை 1ஆம் தேதி டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 20ஆம் தேதி, லைபீரியாவிலிருந்து எபோலா தொற்றோடு ஒருவர் லாகோஸில் வந்து இறங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இல்லை. அவரைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அமேயோ அடாடெவோ என்ற பெண் டாக்டர், மேலிடத்து நிர்ப்பந்தங்களுக்கு இணங்காமல், அந்த நோயாளியை வெளியே விட மறுத்து அந்த மாநகரத்தைக் காத்தார். ஆகஸ்ட் 19ஆம் தேதி தாமும் அந்த நோய்க்கு இரையானார். அதே ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஒருவரும் மாண்டார். டாக்டர்களின் வேலைநிறுத்தம் நின்றதோ அதற்கும் பிந்தி, ஆகஸ்ட் 24ஆம் தேதி. 2018இல் மறுதரப்பின் முறை: ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதிவரை கூட்டுச் சங்கத்தார் வேலைக்கு வரவில்லை. இரண்டு சமயங்களிலும் கதவடைப்பைக் கண்டு திரும்பிப்போனவர்கள் பணமில்லாத நோயாளிகள். இத்தகைய பகைக்கு உங்கள் ஊரில் நீ முதல் கையெழுத்து இடவேண்டுமா என்று யோசித்துப் பார்.

வெறும் நிர்வாகிகளின் கையில் ஆஸ்பத்திரியை விடுவதிலும் ஆபத்து உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பிரிட்டனில் ராய் கிரிஃபித்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிர்வாகியின் 1983ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு ஜெனரல் மானேஜர்கள் வந்தார்கள். ஸ்டாஃபர்ட் ஆஸ்பத்திரியில் வரவுசெலவைச் சரிக்கட்ட ஆட்களைக் குறைத்ததால் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட துன்பத்தை 2013இல் வெளியான பிரான்சிஸ் அறிக்கையில் படிக்கவே மனம் நடுங்குகிறது. ஆகையால் உன் பயத்தை மனுவாக எழுதாமல் நிபந்தனையாக எழுது. சிகிச்சை சம்பந்தமான கமிட்டிக்கு டாக்டரே தலைவர் என்றும், அதன் தீர்மானத்தை நிர்வாகி மாற்றலாகாது என்றும் டிரஸ்டிகளிடம் எழுத்தில் வாங்கிக்கொள். ஒவ்வொரு வார்டின் ஹெட் நர்ஸும் ஒரு குறிப்பிட்ட தொகைவரை தாமே கையெழுத்திட்டு ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்று ஒரு விதியையும் கூடவே கேள். இதை நீ கேட்டால்தான் அழகு. டாக்டர் ஒருவரே அதிகாரத்தைப் பகிர்ந்துகொடுத்ததற்கு முன்மாதிரியும் உண்டு: மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து எத்தனையோ வேலைகளை அவர்களிடம் நம்பி விட்டார். நிர்வாகத்தை, டாக்டர் அல்லாத துளசிராஜிடம் கொடுத்தார். அவருடைய பெருமை அதனால் வளர்ந்தது.

நாற்காலி உனக்கு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. என்றேனும் அது உன்னைத் தேடி வந்தால் எங்களைவிடச் சந்தோஷப்படுபவர் யார்? இந்த வழியாக வரவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கடுமையாக ஏதேனும் எழுதியிருந்தால் மனத்தில் வைத்துக்கொள்ளாதே, அம்மா. நம் குடும்பத்தில் பிறந்த முதல் டாக்டர் நீ. உன் பெயரைச் சொல்லித்தான் உன் அத்தை இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறாள். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் உன் அறையிலிருந்து தெளிந்த முகத்தோடு திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். நீ என்ன தீர்மானித்தாலும் என் பிரியத்தில் ஒரு மாற்றமும் இராது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் தயாராக இருக்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள், சாக்குப்போக்குச் சொல்லாதீர்கள்.

டிரஸ்டிகளின் கூட்டம் வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் உன் அம்மாவுக்குப் போன் செய்து, மனுவை நீயே அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டு. அவள் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா