நிலாவில் பிரேக் பிடிப்பது எப்படி?



எங்க அப்பா வேளச்சேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். 2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 இறங்குவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டே, "ரோடே இல்லாத இடத்துல பிரேக் எப்படிடா பிடிப்பான்? பாராசூட்டா?" என்று கேட்டார். அப்போது நான் முதலாண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன். பதில் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டது.

லைப்ரரியில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன். "நிலாவில காத்து கிடையாதுப்பா, பாராசூட் வேலை செய்யாது. என்ஜின்தான் பிரேக்." 30 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் போன விக்ரம் லேண்டர், தான் போகும் திசையிலேயே நெருப்பைக் கக்கி, சுமார் 19 நிமிடத்தில் வேகத்தை அடக்கித் தரை இறங்கியது. நியூட்டனின் மூன்றாம் விதிதான்; நாம் பரீட்சைக்கு நெட்டுரு போட்டு மறந்துபோனது! 2019-ல் சந்திரயான்-2 லேண்டர் மோதி நொறுங்கியதால், இம்முறை கால்களையும் பலப்படுத்தினார்கள். நிலா மண் போன்ற மண்ணுக்காக நாமக்கல் பக்கத்துப் பாறைகளைப் பொடித்தார்கள் என்பது தனிக் கதை.

திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பள்ளிக்குப் பின் அவர் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. "டிப்ளமோவா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். மறுநாள் ஆட்டோ ஸ்டாண்ட் முழுக்கச் சேதி பரவிவிட்டது.

இப்போது செவ்வாயைப் பற்றிக் கேட்கிறார். அங்கே கொஞ்சம் காற்று உண்டு, பாராசூட் விரியும். ஆனால் அது மட்டும் போதாது. மிச்சத்தை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.