சுற்றாடல் அனுமதி: எத்தனை நாள் செல்லும்?

சுற்றாடல் அனுமதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது கந்தோர் வாசலில் காத்து நிற்பதுதான். எத்தனை நாள் செல்லும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அலைச்சல் குறையும். இன்னொன்றும் உண்டு. வேறொருவர் நமது ஊரில் கேட்கும் அனுமதியிலும் நமக்குப் பேச்சுரிமை இருக்கிறது. அதைத்தான் நாம் பெரிதும் கவனிப்பதில்லை.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது பெரிய வேலைகளுக்கு முன் அனுமதி கட்டாயமாயிற்று. எவை பெரியவை என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி சொன்னது: 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 50 ஹெக்டேயருக்கு மேல் காணி வெளியாக்குவது, 100 குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக எழுப்பி வேறிடத்தில் குடியேற்றுவது முதலியன. அவசர நிலைமையில் நடக்கும் குடியேற்றத்துக்கு மட்டும் விலக்கு. (நம்மில் அநேகர் அந்த விலக்கினுள்தான் வாழ்ந்தோம்!) ஒரு குடும்பம் தன் உறுதிக் காணியில் ஓரிரு ஏக்கர் பற்றை வெட்ட இந்த அனுமதி வேண்டியதில்லை. காணி வன எல்லைக்குள் காட்டப்பட்டிருந்தால் அது வேறு வழக்கு.

இனி நாட்கணக்கு. அறிக்கையில் எவை ஆராயப்படவேண்டும் என்பதை, ஆரம்பப் பரிசோதனையாயின் 14 நாளிலும், முழுமையான தாக்க மதிப்பீடாயின் 30 நாளிலும் அதிகாரிகள் எழுதிக் கொடுக்கவேண்டும். முழு அறிக்கை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதன்பின் 6 நாளில் மக்களின் கருத்துகள் விண்ணப்பகாரருக்குப் போகும். அவரது பதில் கிடைத்து 30 நாளில் முடிவு. ஆக, சட்டம் கேட்பது சில மாதங்களே. ஆனால் அறிக்கை தயாரிக்க எல்லை இல்லை. மாரியும் கோடையும் பார்த்து எழுதினால் வருடமாகும். குறை ஆவணங்களும் மற்றத் திணைக்களங்களின் சம்மதமும் மீதிக் காலத்தை விழுங்கும்.

அந்த நடு 30 நாளைப் பாருங்கள். அறிவித்தல் வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் வரும். ஊரை விட்டு எங்கோ உறவினர் வீட்டில் இருப்பவர் அதை எப்படிக் காண்பார்? திரும்பிப் போகும்போது குளத்தருகே கல்லுடைக்கும் யந்திரம் நிற்கும். ஆரம்பப் பரிசோதனைக்கோ 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் மக்கள் கருத்துக் கேட்கும் கட்டாயமே இல்லை. இது ஏழைக்கு நட்டம் என்றே நாம் எண்ணுகிறோம்.

அதே 2000 இல் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற் அகழும் திட்டத்துக்கு எதிராக 7 பேர் உயர் நீதிமன்றத்தில் வென்றனர். விவசாயிகளும் ஒரு பௌத்த பிக்குவுமே அந்த வழக்காளிகள். முறையான சுற்றாடல் மதிப்பீடு இன்றி ஒப்பந்தம் செய்யக்கூடாது என்றது நீதிமன்றம்.

ஆகையால் ஊரில் தங்கியுள்ள ஒருவரிடம், பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் அறிக்கை ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். குளத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலால் வருகிறது, மாடு எந்த வழியால் சாய்க்கிறோம், எந்தக் கிணறு கோடையில் உவர்க்கிறது என்பவற்றை நம்மைவிட யார் அறிவார்? ஊர் விலாசம், இப்போதைய விலாசம் இரண்டையும் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.