விசையில் இருக்கும் பெயர் யாருடையது?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஏலத்தில் ஒரு பழைய ரைஃபிள் எடுத்தேன், குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிப்பது. விசைத் தகட்டில் ‘கோல்ச்சர்’ என்றிருக்கிறது. செய்தவர் அவர்தானா?

பதில்: அநேகமாக இல்லை. அந்தக் காலத்தில் துப்பாக்கி செய்தவர்கள் பலர் விசையை விலைக்கு வாங்கித்தான் பொருத்தினார்கள். கோல்ச்சர் பெயரிட்ட விசைகள் ஏராளமாக விற்றன. செய்தவர் கையொப்பம் குழலின் மேல்பட்டையில் இருக்கும். சில சமயம் தலைப்பெழுத்து மட்டும். சில சமயம் அதுவும் கிடையாது. அப்போது மேப்பிள் கட்டையின் வளைவையும் பக்கவாட்டுப் பித்தளைப் பெட்டியையும் பாருங்கள். பெட்டியின் முனையில் டெய்சிப் பூ இருந்தால் லங்காஸ்டர் பக்கத்து வேலையாக இருக்கலாம்.

பெயர் கிடைத்துவிட்டால் கவுண்டி வரிப்பட்டியல், உயில்கள், 1850 மக்கள்தொகைக் கணக்கு ஆகியவற்றைத் துழாவுங்கள். அந்தக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் தொழில் இருக்கிறது. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயராக இருந்து குழப்பும், ஜாக்கிரதை.

‘ஹாக்கன்’ என்றிருந்தால் மட்டும் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். செயின்ட் லூயிஸில் ரைஃபிள் செய்த ஹாக்கன் சகோதரர்களில் ஜேக்கப் 1849-இல் காலராவில் இறந்தார். சாமுவேல் தொழிலைத் தொடர்ந்தார். அந்தப் பெயருக்கு விலை அதிகம், போலியும் அதிகம்.

துருவைத் தேய்த்து எடுக்காதீர்கள், மதிப்பு போய்விடும். முதல் வேலையாக, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே பழைய மருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.