கரையிறங்கிய கடற்பறவை

விசாகப்பட்டினத்தின் இராமகிருஷ்ணா கடற்கரையில் இரண்டு அருங்காட்சியகங்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. கடலை ஒட்டிய மணற்பரப்பில் ‘குர்சுரா’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல்; சாலையின் மறுபுறம் ‘டி.யு.-142’ என்னும் கடற்படை விமானம். முன்னது நீருக்குள் மறைந்து திரிந்தது. பின்னது, அவ்வாறு மறைந்து திரியும் பகைக்கலங்களை வானிலிருந்து தேடியது. புலியும் மானும் ஒரே துறையில் நீருண்பதைப் போன்ற காட்சி இது. எனினும் இவை இரண்டும் இந்தியக் கடற்படைக்கு உழைத்தவை. இரண்டும் சோவியத் நாட்டில் உருவானவை.

டி.யு.-142 வகை விமானங்கள் எட்டு, 1988ஆம் ஆண்டு முதல் நம் கடற்படையில் பணியாற்றின. முதலில் கோவாவிலும், 1992 முதல் அரக்கோணத்திலும் அவை நிலைகொண்டிருந்தன. அரக்கோணத்துக் கடற்படை விமானத்தளத்தின் பெயர் ‘இராஜாளி’. வல்லூறு இனத்து வேட்டைப்பறவையைக் குறிக்கும் தமிழ்ச்சொல் அது. இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள தளத்திற்குப் ‘பருந்து’ என்று பெயர். பெயரிட்டவர்கள் பறவைகளையும் மொழியையும் அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

இருபத்தொன்பது ஆண்டுகள், ஏறத்தாழ 30,000 மணிநேரம் விபத்தின்றிப் பறந்தபின், 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் இவற்றுக்கு விடைகொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்திற்குப் பறந்து வந்தது. அதுவே அதன் இறுதிப் பயணம். 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அதனை அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார்.

விமானத்தின் நீளம் 53 மீட்டர். இறக்கைகளின் விரிவு 50 மீட்டர். நான்கு இயந்திரங்கள்; ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் இரண்டு சுழல்விசிறிகள். ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழலும். ஒரு விசிறிக்கு நான்கு அலகு என, முப்பத்திரண்டு அலகுகளையும் எண்ணிப் பார்க்காமல் சிறுவர்கள் அவ்விடத்தை விட்டு நகர்வதில்லை.

காட்சிக்கூடத்தில் மீட்புக் கருவிகளும் சுழல்விசிறிகளும் உள்ளன. ஆயினும், பார்வையாளர் எளிதில் கடந்துவிடும் ஓர் உருளைதான் அங்குள்ள பொருள்களுள் மிகுந்த கவனத்திற்குரியது. அதன் பெயர் ஒலிமிதவை. கடல்நீருக்குள் ஒளியோ வானொலி அலையோ நெடுந்தொலைவு செல்வதில்லை, ஒலி செல்லும். எனவே விமானத்திலிருந்து இம்மிதவைகளைக் கடலில் வீசுவர். சிறு குடையொன்று விரிந்து மிதவையை மெல்ல இறக்கும். நீரைத் தொட்டதும் அதன் ஒரு பகுதி மேலே மிதக்கும்; ஒலிவாங்கி மட்டும் கம்பியில் தொங்கியபடி ஆழத்தில் இறங்கும். நீர்மூழ்கியின் இயந்திர ஒலி அதில் பட்டால், மிதவையின் வானொலி அச்செய்தியை விமானத்திற்கு அனுப்பும். பரந்த கடலில் பல மிதவைகளை இட்டு, எந்த மிதவை எப்போது கேட்டது என்று ஒப்பிட்டு, கலம் செல்லும் திசையைக் கணிப்பர். விமானத்தினுள் ஏறிப் பார்ப்பவர்க்கு இதன் மறுபக்கம் புலப்படும்: குறுகலான இடம், எங்கும் கருவிகள், மணிக்கணக்கில் காதுகொடுத்து அமர்ந்திருந்தவர்களின் இருக்கைகள்.

இவ்வளவு பெரிய பொருள் கடற்கரைச் சாலைக்கு வந்தது எப்படி? ஐம்பது மீட்டர் இறக்கையுடன் நகரத் தெருவில் எதுவும் செல்ல இயலாது. விமான நிலையத்திலேயே அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நீண்ட வண்டிகளில் ஏற்றிக் கொணர்ந்து, கடற்கரையில் மீண்டும் பொருத்தினர்.

பறக்கும் விமானத்தைக் காப்பதைவிட நிற்கும் விமானத்தைக் காப்பது கடினம் என்றால் வியப்பாக இருக்கலாம். கடல்மீது தாழப் பறந்து திரும்பும் விமானத்தை நன்னீரால் கழுவுவது வழக்கம்; பிறகு அது கொட்டகைக்குள் செல்லும். கரையில் திறந்தவெளியில் நிற்கும் விமானமோ இரவும் பகலும் உப்புக்காற்றிலேயே நிற்கிறது. அலுமினியத்தின் மேற்பரப்பில் இயற்கையாகவே மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைத்துவிடும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு இன்னும் விரைவாகும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு தூளாகிக்கொண்டிருக்கும்.

ஆகவே திறந்தவெளி விமானக் காட்சியகங்களில் திரைக்குப் பின்னால் நடைபெறும் பணி ஓய்வற்றது. முதலில் எஞ்சிய எரிபொருளையும் எண்ணெயையும் வடித்து, மின்கலங்களையும் வெடிபொருள் அடங்கிய உறுப்புகளையும் அகற்றுவர். ஒரே இடத்தில் நிற்பதால் சக்கரங்கள் சிதையாதிருக்கத் தாங்கிகள் வைப்பர். மழைநீர் வடியும் சிறு துளைகளில் தூசி அடைத்தால் உடற்பகுதியே நீர்த்தொட்டியாகிவிடும்; அத்துளைகளைத் தூய்மை செய்வது சிறிய வேலைதான், ஆனால் அதைத் தவறவிடக் கூடாது. இயந்திர வாய்களில் பறவைகள் கூடு கட்டும். அவற்றை வலையிட்டு மறைக்க வேண்டும். வெயிலில் மங்கும் கண்ணாடி, வெளிறும் எண்கள், ஆயிரம் கால்கள் மிதித்துத் தேயும் படிகள் என வேலை நீண்டுகொண்டே போகும். பார்வையாளர் எவரும் இவற்றைக் கவனிப்பதில்லை. கவனிக்கும் நிலை வந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

அவ்வாறு காலம் கடந்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1971 போரில் பங்காற்றிய ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல், 1997இல் ஓய்வு பெற்று, 2001 முதல் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக விளங்கியது. அதன் உடற்பகுதி நலிந்தது. பாதுகாப்புக் கருதி 2012இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2014இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதன் எஃகில் ஒரு பகுதி, பின்னர் மோட்டார் சைக்கிள்களின் எரிபொருள் கலன்களாயிற்று! ஆனால் அக்கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக், அலிஸே வகை விமானங்களைக் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

உலோகத்தைக் காப்பது ஒரு பாதி. பொருளின் கதையைக் காப்பது மறுபாதி. குர்சுராவில் ஓய்வுபெற்ற கடற்படையினரே வழிகாட்டிகளாக உள்ளனர். நீருக்கடியில் எப்படி உறங்கினர், எப்படிச் சமைத்தனர் என்று ஒரு மாணவர் கேட்டால், விளக்கப் பலகையில் இல்லாத விடை அவர்களிடமிருந்து கிடைக்கும். டி.யு.-142இன் எட்டுச் சுழல்விசிறிகளும் ஒருசேர முழங்கிய ஓசையைப் பற்றி, அதைக் கேட்டு வளர்ந்த அரக்கோணத்து மக்களைத்தான் கேட்க வேண்டும்.

பயிற்சி

1. ஒலிமிதவை செயற்படும் முறையை உம் சொற்களில் எழுதுக.
2. ‘வெளியே வண்ணம் பளபளக்கும், உள்ளே தகடு தூளாகிக்கொண்டிருக்கும்’ – காரணம் கூறுக.
3. உம் ஊரில் உள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றி, அதைப் பயன்படுத்திய பெரியவர் ஒருவரிடம் கேட்டு, ஐம்பது சொற்களில் விளக்க அட்டை எழுதுக.