குறி ஒன்று, பொருள் பல



சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை நாம் அறிவோம். அதுபோலவே கோட்டுக்கும் வண்ணத்துக்கும் விளையாட்டுப் பொம்மைக்கும் பொருள் உண்டு. ஆனால், அப்பொருள் எல்லா மக்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நம் பிள்ளைகள் நாளை பட்டணத்திலும் அயல்நாட்டிலும் பலரோடு கலந்து வாழப் போகிறவர்கள். ஆகவே, இவ்வுண்மையை இளமையிலேயே கற்றுக்கொள்வது நலம்.

முதலில் சுவஸ்திகத்தை எடுத்துக்கொள்வோம். இது நன்மையைக் குறிக்கும் வடமொழிச் சொல். சிந்துவெளி முத்திரைகளிலேயே இக்குறி காணப்படுகிறது. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள் ஆகிய மூவருக்கும் இது மங்கலச் சின்னம். நம்மவர்கள் புதுமனைப் புகுவிழாவிலும் புதுக் கணக்கேட்டிலும் மஞ்சளாலும் குங்குமத்தாலும் இதனை இடுவதுண்டு. ஜப்பானிய நிலப்படங்களில் இக்குறி புத்தர் கோயில் இருக்கும் இடத்தைக் காட்டும். சீனாவில் 1922-ஆம் ஆண்டு தோன்றிய செஞ்சுவஸ்திகச் சங்கம் அறப்பணி செய்யும் அமைப்பாகும். அச்சங்கத்தார் சிங்கப்பூரில் 1951-ஆம் ஆண்டு தொடங்கிய தொடக்கப்பள்ளி இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. 1920-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நாஜிக் கட்சி இவ்வடிவத்தைத் தன் சின்னமாக்கியது. செந்நிறக் கொடியின் நடுவே, வெள்ளை வட்டத்தில், கறுப்பு நிறத்தில் சாய்த்துப் பொறித்தது. அக்கட்சியின் ஆட்சியில் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். ரோமா இனத்தவரும் இலட்சக்கணக்கில் மாண்டனர். பெற்றோரையும் உற்றாரையும் அக்கொடுமையில் பறிகொடுத்த ஒருவருக்கு அவ்வடிவம் மங்கலமாகத் தோன்றுமா? ஜெர்மன் நாட்டுச் சட்டம் நாஜிச் சின்னத்தைப் பொதுவிடத்தில் காட்டுவதைத் தடைசெய்கிறது. கல்வி, கலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது.

“நம்முடையது வலப்பக்கம் திரும்பியது, அவர்களுடையது இடப்பக்கம் திரும்பியது” என்று சிலர் கூறுவர். அது தவறு. நாஜிகளின் சின்னமும் வலப்பக்கம் திரும்பியதே. வேற்றுமை திசையில் இல்லை. அதனை இடுபவரின் கருத்திலும், இடும் இடத்திலும், உடன் வரும் வரலாற்றிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022-ஆம் ஆண்டு இவ்வேற்றுமையை உணர்ந்தே சட்டம் இயற்றியது. நாஜிச் சின்னத்தைப் பொதுவிடத்தில் காட்டுவதைத் தடைசெய்த அச்சட்டம், இந்து, பௌத்த, சமண சமய வழக்கங்களுக்கு இடம் விட்டது.

இனி ஒரு பொம்மையின் கதை. 1895-ஆம் ஆண்டு புளோரன்ஸ் கேட் அப்டன் என்னும் ஓவியர் தம் சிறுவர் நூலில் ‘கொல்லிவாக்’ என்னும் பொம்மையை வரைந்தார். கரிய முகம், சிலிர்த்த முடி, தடித்த உதடு ஆகியவை அதன் அடையாளங்கள். பிரிட்டிஷ் குழந்தைகள் பலர் அதனை அணைத்துக்கொண்டு உறங்கினர். ராபர்ட்சன் நிறுவனமும் 1910-ஆம் ஆண்டு முதல் தன் ஜாம் புட்டிகளுக்கு அதனையே விளம்பரச் சின்னமாக்கியது. ஆனால், அம்முகம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் எரித்த தக்கையின் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களை எள்ளி நகையாடிய கூத்திலிருந்து வந்தது! பின்னர் அப்பொம்மையின் பெயரே கறுப்பின மக்களை இழித்துரைக்கும் வசைச்சொல்லாயிற்று. எதிர்ப்புகள் எழுந்தன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் அச்சின்னத்தைக் கைவிட்டது. தோலின் நிறத்தைச் சொல்லி ஒரு பிள்ளையை ஏளனம் செய்தால் அதன் நெஞ்சம் எப்படி நோகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பன்றி உருவில் செய்த உண்டியல் சீனர்களுக்குச் செல்வச் செழிப்பின் அறிகுறி. முஸ்லிம்களோ பன்றியை விலக்கப்பட்டதாகக் கருதுவர். ஒரே வகுப்பில் இருவரும் அருகருகே அமர்ந்து படிக்கிறார்கள். சீன நண்பரின் இல்லத்தில் அவ்வுண்டியல் இருப்பதைக் குறைகூறவும் வேண்டா; அதனை முஸ்லிம் நண்பருக்குப் பரிசாக நீட்டவும் வேண்டா.

அப்படியானால், எப்பொருளும் எப்படியும் இருக்கலாம் என்று கொள்ளலாமா? கூடாது. கோயிற் சுவரிலுள்ள சுவஸ்திகத்திற்காக நாம் நாணத் தேவையில்லை. கேட்பவருக்கு அமைதியாக விளக்கினால் போதும். ஆனால், இரவுச் சந்தையில் விற்கும் சட்டையில் நாஜிக் கொடி அச்சிடப்பட்டிருந்தால், அதனை அழகு என்றெண்ணி அணிதல் தகாது. அது கொலைக்களத்தின் கொடி.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குச் சட்டையோ பொம்மையோ வாங்குமுன் அதிலுள்ள படத்தை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். மாணவர்களே, பொருள் தெரியாத குறியைக் கண்டால் ஆசிரியரைக் கேளுங்கள். பிறர் போற்றுவதைப் பழிக்காமலும், பிறர் நோவதை விளையாட்டாக்காமலும் வாழப் பழகுவதே கல்வியின் பயன்.