திரையரங்கில் ‘சத்யா’ – ஒரு மறுபார்வை

ஒரு நூலைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்தால், எழுத்து மாறாதிருக்கப் பொருள் மட்டும் மாறித் தோன்றும். திரைப்படத்திற்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. நூலை மரத்தடியில் படித்தாலும் நூலகத்தில் படித்தாலும் அது அதே நூல்தான். படமோ பார்க்கும் இடத்திற்கு ஏற்ப வேறொரு படமாகவே ஆகிவிடுகிறது. 1998 சூலை 3இல் வெளிவந்து, 2025 சனவரி 17இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்த ‘சத்யா’ என்னும் இந்திப் படம் இதற்குத் தக்க சான்றாகும். (கமல்ஹாசன் நடித்து 1988இல் வந்த தமிழ்ச் ‘சத்யா’ வேறு. அது ‘அர்ஜுன்’ என்ற இந்திப் படத்தின் தழுவல்.)

ராம் கோபால் வர்மா இயக்கிய இப்படத்தை எழுதியவர்கள் அனுராக் காஷ்யப்பும் சௌரப் சுக்லாவும் ஆவர். வேலை தேடி மும்பைக்கு வரும் சத்யா என்ற இளைஞன் சிறைக்குச் செல்கிறான். அங்கே பிக்கு மாத்ரே என்னும் குண்டர் தலைவனின் நட்பைப் பெறுகிறான். வெளியே வந்ததும் அவன் கூட்டத்தில் சேர்ந்து கொலைகாரனாகிறான். அடுத்த வீட்டுப் பெண் வித்யாவைக் காதலிக்கிறான். தான் யார் என்பதை அவளிடம் மறைக்கிறான். கதை இவ்வளவே.

பின்னணியையும் சிறிது அறிதல் வேண்டும். 1982 சனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அது தோல்வியில் முடிந்தது. பலர் வேலைக்குத் திரும்பவே இல்லை. அக்குடும்பங்களின் இளைஞர் சிலரைக் குண்டர் கூட்டங்கள் இழுத்துக்கொண்டன. 1993 மார்ச்சு 12இன் தொடர் குண்டுவெடிப்புகள் 257 உயிர்களைக் கொண்டன. 1997 ஆகஸ்டு 12இல் இசைத்தட்டு வணிகர் குல்சன் குமார் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபுறம், ‘என்கவுன்டர்’ என்ற சொல் நாளிதழ்களில் அன்றாடச் சொல்லாயிற்று. படத்தைப் பார்க்க வந்த மும்பை மக்களுக்கு இவையெல்லாம் காலையில் படித்த செய்திகள்.

இதற்கு முன்னும் பம்பாய்க் குற்றவுலகைப் பற்றிய படங்கள் வந்துள்ளன. 1975இல் வந்த ‘தீவார்’ படத்தின் விஜய்க்குத் தந்தையின் அவமானம் ஒரு காரணமாகிறது. நாமறிந்த ‘நாயகன்’ (1987) வேலுவுக்கோ தந்தையைக் காவலர் கொன்றது காரணமாகிறது. காரணம் கிடைத்துவிட்டால் பார்வையாளன் பாதி மன்னித்துவிடுகிறான். சத்யாவுக்கு அப்படி ஒன்றும் தரப்படவில்லை. அவன் ஊர் எது, பெற்றோர் யார் என்பவை கடைசிவரை சொல்லப்படுவதில்லை. சிலர் இதனைக் குறை என்பர். எம் கருத்தில் இதுவே படத்தின் முதுகெலும்பு. மன்னிப்பதற்கு வழியில்லாத ஒருவனோடு இரண்டரை மணி நேரத்திற்கு மேல் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இனி, இடையில் என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். தொலைக்காட்சியிலும் பின்னர்க் கைப்பேசியிலும் ‘சத்யா’ துண்டு துண்டாகவே வாழ்ந்து வந்தது. கடலை நோக்கிய பாறையின்மேல் நின்று, மும்பைக்கு அரசன் யார் என்று பிக்கு முழங்கும் காட்சியை அறியாத இளைஞர் இல்லை. மனோஜ் பாஜ்பாய் அதில் காட்டும் ஆற்றல் மறுக்க முடியாதது; துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்ததும் முறையே. ஆனால் அத்துண்டை மட்டும் பார்ப்பவனுக்கு இது ஒரு வீரப் படமாகத் தெரியும். முழுப்படத்தையும் இருட்டில் அமர்ந்து பார்ப்பவனுக்கோ இது ஓர் அச்சப் படம்.

அந்த அச்சம் எங்கே பிறக்கிறது? சத்யாவும் வித்யாவும் ‘பார்டர்’ படம் பார்க்கத் திரையரங்கிற்குச் செல்லும் காட்சியில். சத்யா உள்ளே இருப்பதை அறிந்த காவல்துறையினர் வாயில்களை அடைக்கின்றனர். தப்பிக்க வழி தேடும் அவன் தரையை நோக்கிச் சுடுகிறான். கூட்டம் சிதறுகிறது, மிதிபட்டு மக்கள் இறக்கின்றனர். அவன் தப்பிவிடுகிறான். இறந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குச் சொல்லப்படுவதில்லை.

1997 சூன் 13, ‘பார்டர்’ வெளியான நாள். அன்று தில்லி உபகார் திரையரங்கில் அப்படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தளத்து மின்மாற்றியிலிருந்து பரவிய தீயின் புகை மாடி இருக்கைகளைச் சூழ்ந்தது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தமையால் 59 பேர் மாண்டனர். ஓராண்டு கழித்து அதே படத்தின் பெயரோடு, அடைபட்ட கதவுகளோடு, இக்காட்சி திரையில் தோன்றியபோது அன்றைய பார்வையாளர் எதை நினைத்திருப்பர் என்று சொல்லவும் வேண்டுமோ? வீட்டுக் கூடத்தில் இக்காட்சி கதையின் ஒரு திருப்பம் மட்டுமே. திரையரங்கிலோ நம் தலைக்கு மேலே சிவப்பு விளக்கில் வெளியேறும் வழி எழுதப்பட்டிருக்கிறது. நாமும் அதே வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறோம். திரைக்குள் இருக்கும் கூட்டமும் திரைக்கு வெளியே இருக்கும் கூட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. இதுவரை துப்பாக்கியின் பின்புறம் நின்று பார்த்தவர்கள், இங்கே அதன் முன்புறம் வந்து சேர்கிறோம்.

இது ஒன்றே போதும், பெரிய திரையின் தேவையைச் சொல்ல. ஆயினும் ஒலியையும் குறிப்பிடல் வேண்டும். சந்தீப் சௌட்டாவின் பின்னணி இசையும் மழையின் ஓசையும் கைப்பேசியில் இரைச்சலாகக் கேட்பன. அரங்கில் அவை நகரத்தின் மூச்சாகின்றன. ஒளிப்பதிவாளர்கள் ஜெரார்டு ஹூப்பரும் மஜர் கம்ரானும் ஆவர். ஹூப்பர் அமெரிக்கர், ஊருக்குப் புதியவர் கண்ணில்தான் ஊரின் அழுக்கு முதலில் படும் போலும். விநாயகர் சதுர்த்திக் கூட்டத்தின் நடுவே அரசியல்வாதி பாவ் கொல்லப்படும் காட்சியில் மனிதத் தலைகளுக்கு எல்லை தெரிவதில்லை. சிறிய திரையில் அத்தலைகள் புள்ளிகளாகத்தான் தெரியும்.

குறைகள் இல்லாமலில்லை. பாடல்கள் சில கதையை நிறுத்தி வைக்கின்றன. வித்யா இவ்வளவு காலம் ஒன்றும் அறியாதிருப்பது நம்பத்தக்கதாயில்லை. 27 ஆண்டுகளுக்குப் பின் தம் படத்தை மறுபடி கண்டு கண்ணீர் விட்டதாக வர்மாவே எழுதினார். பின்னாளில் தாம் எடுத்த பல படங்களை எண்ணி வருந்துவதாகவும் அதில் குறிப்பிட்டார். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. இப்படத்தைப் பின்பற்றி வந்த பற்பல குண்டர் படங்கள் பிக்குவின் முழக்கத்தை எடுத்துக்கொண்டன. திரையரங்கில் மிதிபட்டவர்களை விட்டுவிட்டன.

முடிவில் மீண்டும் ஒரு கதவு வருகிறது. குருதி வழிய வித்யாவின் வீட்டு வாயிலில் நின்று, திறக்கும்படி சத்யா மன்றாடுகிறான். உண்மையறிந்துவிட்ட அவள் திறக்கவில்லை. கீழே வண்டியில் காத்திருக்கும் கல்லு மாமாவைக் காவலர் சுட்டு வீழ்த்துகின்றனர். கதவை உடைத்துக்கொண்டு சத்யா உள்ளே நுழைகிறான். அவள் முகத்தை அவன் காணும் அந்நொடியிலேயே பின்னாலிருந்து குண்டு பாய்கிறது.