தன் குதிரையோடு சென்று பயிலுதல்

மாந்தர்க்குத் துணையாய் நின்ற விலங்கினங்களுள், தன்மேல் அமர்ந்தோன் உள்ளக்குறிப்பை உணர்ந்து ஒழுகுவதில் குதிரைக்கு நிகர் பிறிதொன்று இல்லை எனலாம். அக்குறிப்பைச் சவுக்கின் வன்மையாலன்றி, இருக்கையின் அசைவாலும், காலின் மெல்லிய அழுத்தத்தாலும், கடிவாளத்தின் நுண்ணிய தொடர்பாலும் உணர்த்திக் குதிரையை இனிது இயங்கச் செய்யும் கலையை மேனாட்டார் 'டிரெஸ்ஸாஜ்' என்பர். பயிற்றுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது.

இக்கலை நெடிய வரலாறுடையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் செனபோன் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் செய்து, சினங்கொண்ட நிலையில் குதிரையை அணுகலாகாது என அறிவுறுத்தினார். 1733இல் வெளிவந்த பிரெஞ்சு ஆசிரியர் கெரினியேரின் நூலை வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியார் இன்றும் தம் முறைக்கு அடிப்படையாகப் போற்றுகின்றனர். 1912இல் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் இக்கலை போட்டியாக இடம்பெற்றது. 2023இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் இந்தியக் குழுவினர் நால்வர் இதிற் பொற்பதக்கம் பெற்றனர். அந்நால்வரும் ஐரோப்பாவிற் சென்று பயின்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய நாடுகளில், தம் குதிரையையும் உடன்கொண்டு ஓர் ஆசிரியரின் நிலையத்துக்குச் சென்று, சில நாளோ சில வாரமோ ஆங்கே தங்கிப் பயில்வோர் பலர். அங்ஙனம் செல்வோர் இடந்தேர்தற்குரிய நெறி யாது என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள். ஆசிரியரின் புகழையும் தங்கும் அறையின் வசதியையும் முதற்கண் நோக்குதல் இயல்பு. எனினும், ஆங்குச் செல்வோர் இருவர். அவருள் ஒருவர்க்கு வாயில்லை. வாயில்லாத அவ்வுயிர்க்கு ஏற்ற இடமே மற்றவர்க்கும் ஏற்ற இடம் என்பது நம் துணிபு.

முதலாவது, குதிரையை உடன்கொண்டு செல்லுதல் வேண்டுமா என ஆராய்க. வியன்னாப் பள்ளியில் புதிய மாணாக்கர் கடிவாள வாரும் அங்கவடியும் இன்றி, ஆசிரியர் பிடித்த நீண்ட கயிற்றின் வட்டத்திலே செல்லும் குதிரைமீது அமர்ந்து, நெடுநாள் இருக்கையை மட்டுமே பழகுவர். பின்னர், நன்கு கற்ற முதிய குதிரையே அவர்க்கு ஆசானாகும். ஆதலின், அறியாத ஓர் அசைவின் உணர்வை முதன்முதல் அறிய விழைவோர்க்கு நிலையத்துக் குதிரையே சாலும். தமக்கும் தம் குதிரைக்கும் இடையேயுள்ள இடர்ப்பாட்டைத் தீர்க்க விழைவோரே அதனைக் கொண்டு செல்லற்பாலர்.

இரண்டாவது, ஆசிரியரின் முறை. ஜெர்மானியர் குதிரைப் பயிற்சியை ஆறு படிகளாக வகுத்துள்ளனர். சீரான அடிவைப்பு, உடலும் உள்ளமும் இறுக்கமின்றி நிற்றல், கடிவாளத்தோடு இணங்கிய தொடர்பு, பின்கால்களினின்று எழும் ஊக்கம், வளைவின்றி நேராகச் செல்லுதல், உடலைத் திரட்டிப் பின்கால்மேற் பாரந்தாங்குதல் என்பன அவை. இவற்றுள் இறுதிப்படியை ஒருவாரத்திற் காட்டுவேம் என்பாரிடம் செல்லாதொழிக. அடியிற் கல்லிடாது முடியிற் கலசம் வைத்தல் யாங்ஙனம் கூடும்?

பதிவு செய்வதற்குமுன் ஒருநாள் அங்குச் சென்று, பிறர் பயில்வதைக் காண்டல் நன்று. குதிரை இடைவிடாது வாலைச் சுழற்றுகின்றதா, வாயைத் திறந்து கடிவாளத்தினின்று விலக முயல்கின்றதா, மூக்குப்பட்டையின் கீழ் இருவிரல் நுழைய இடமுள்ளதா, பாடம் முடிந்தபின் கழுத்தை நீட்டி அமைதியாய் நடக்கின்றதா என நோக்குக. ஆசிரியரின் நாவினும் அவர்தம் குதிரைகளின் உடல் உண்மையை மிகுதியாக உரைக்கும்.

மூன்றாவது, நாளின் பகுப்பு. கொடுத்த பணத்திற்கு மிகுந்த பாடம் பெறுதலே ஆதாயம் எனக் கருதி, நாள்தோறும் இருமுறை கடும்பாடம் நாடுவோர் உளர். வீட்டில் வாரம் நான்கு நாளே உழைத்துப் பழகிய குதிரையின் தசைநார்கள் இதனைத் தாங்கா. ஒரு பாடமும், அதன்பின் தனியே மெல்ல நடத்தும் உலாவும், இடையில் ஓய்வுநாளும் அமைந்த பகுப்பே தக்கது. எஞ்சிய பொழுதில் குதிரைக்காரர் பிறர் பாடத்தைக் கண்டு கற்கலாம்.

நான்காவது, பயணமும் இலாயமும். வண்டியில் நெடுநேரம் தலையை உயர்த்திக் கட்டப்பட்ட குதிரைக்கு நுரையீரல் நோய் உண்டாதல் கூடும். ஆதலின் இடையிடையே நிறுத்தித் தலைதாழ்த்தவிட்டு நீரூட்டல் வேண்டும். நெடும்பயணமாயின், சென்றடைந்த மறுநாள் பாடம் கூடாது. குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாது சுரத்தலின், அஃது அடிக்கடி புல்மேயும் இயல்பினது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7½ கிலோ உலர்புல்லேனும் வேண்டும். உணவைச் சட்டென மாற்றின் வயிற்றுவலி உண்டாம். எனவே வீட்டுத் தீவனத்தையே கொண்டுசென்று, மாற்றவேண்டின் சிறுகச் சிறுக மாற்றுக. வெளியே உலவ நிலமுண்டா என்பதையும் வினவுக.

பல ஊர்க் குதிரைகள் கூடுமிடத்தில் தொற்றுநோய் அச்சமும் உண்டு. 2021இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் போட்டிக்குத் திரண்ட குதிரைகளிடையே ஹெர்ப்பீஸ் நோய் பரவிப் பல மாண்டன. தொண்டைக்கட்டி நோயைத் தாங்கிய குதிரை வெளித்தோற்றத்தில் நலமாகவே இருத்தலும் உண்டு. ஆகவே வருங்குதிரைகள் அனைத்துக்கும் தடுப்பூசிச் சான்று கேட்பதும், புதியவற்றைத் தனியே கட்டுவதும் செய்யும் நிலையத்தையே தேர்க. 'இத்துணைச் சான்று எதற்கு?' எனச் சலித்துக்கொள்ளற்க. அங்ஙனம் கேட்பாரே நம் குதிரையையும் காப்பார். அன்றியும், 2021 முதல் பிரித்தானியாவினின்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குதிரையைக் கொண்டுசெல்வோர்க்கு உடல்நலச் சான்றும் எல்லைச் சோதனையும் இன்றியமையாதன ஆயின.

குதிரையின் நடைவகைகளைக் கதி என்றும், அது சுழன்றியங்கும் முறைகளைச் சாரி என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். அதனைச் செலுத்திப் பயிற்றுதற்கு வையாளி என்னும் சொல்லும் நம் மொழியில் உண்டு. இயக்கத்தை இத்துணை நுணுகி நோக்கிய கண்கள், அவ்வியக்கத்தின் உள்ளே நின்ற உயிரையும் நோக்கியிருத்தல் வேண்டும்.

தங்கிப் பயின்றதன் பயன், இறுதிநாட் பாடத்தில் ஆசிரியர் முன்னிலையில் நிகழ்ந்த அழகிய அசைவிற் புலப்படுவதன்று. வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில், ஆசிரியர் அருகில்லாதபோது, செய்யவேண்டுவது இன்னதென ஏறுவோர் தெளிந்திருத்தலிலும், சேணத்தைக் கண்ட குதிரை காதுகளைப் பின்மடக்காது முன்வந்து நிற்றலிலுமே புலப்படும். புறப்படுமுன் ஆசிரியரிடம் வீட்டுப்பாடத்தை எழுதிப் பெறுக. கேளாமலே சுமக்கும் உயிரிடம், கேளாமலே இரங்கக் கற்றல் கல்வியுள் தலையாயது.